பாலர் இல்லாத பாலர் ஞாயிறு

கலைவாணி பதினோரு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி வந்தாள். அது எவ்வளவு அபாயமான காரியம் என்பது ஆகஸ்ட் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்குத்தான் அவளுக்குத் தெரிய வந்தது.

தெரிவித்தவர் பாஸ்டர் மணிவண்ணன். ஏனாத்தூர் தாண்டி வாலாஜாபாத் போகிற சாலையில் இடது கைப்பக்கம் இறங்குகிற காலனியில் அவருடைய சபை இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஆலயம், அதை ஒட்டினாற்போல் ஒரு சின்ன அறை. அந்த அறையில் ஞாயிறுதோறும் எட்டு மணிக்குக் கலைவாணியின் சண்டே ஸ்கூல். இருபத்திரண்டு பிள்ளைகள். முக்கால்வாசிப் பேர் காலனிப் பிள்ளைகள்; ஐந்தாறு பேர் ஊர்த்தெருவிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கற்பூரம் ஏற்றுவார்கள், ஞாயிற்றுக்கிழமை "போய்க் கதை கேட்டுட்டு வா" என்று பிள்ளைகளை இங்கே அனுப்பி வைப்பார்கள். இதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

மற்ற ஆறு நாளும் கலைவாணிக்குக் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் வேலை. வாடிக்கையாளர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு "வேற கலர் காட்டுங்க" என்று தள்ளிவிடும் புடவைகளை, முதல் மடிப்பு மாறாமல் திரும்ப மடித்து அடுக்குவது. ஒரு முகூர்த்த நாளில் முந்நூறு புடவை மடிப்பாள். அதனால் சும்மா இருக்கும்போதும் அவள் கைகள் சும்மா இருக்காது. துண்டுப் பிரசுரமோ கைக்குட்டையோ எது அகப்பட்டாலும் நீளவாக்கில் நான்காக மடிக்கும்.

அன்றைக்குப் பாஸ்டர் நீட்டிய சுற்றறிக்கையையும் அப்படித்தான் மடித்துவிட்டாள். அவர் அதைப் பிடுங்கி விரித்துக் காட்டினார்.

'சிறுவர் ஊழியர் ஆயத்தப் பேரவையின் சான்றிதழ் பெறாத எவரும் இனிமேல் பிள்ளைகளுக்குப் போதிக்கலாகாது. மீறி நடப்பது பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு ஏற்படுத்தும் சேதமாகக் கருதப்படும்.'

"பன்னண்டு வாரந்தாம்மா. ஞாயித்துக்கெழம காலைல எட்டுலேர்ந்து ஒண்ணு வரைக்கும். ஓரிக்கை பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துல," என்றார் பாஸ்டர்.

"ஞாயித்துக்கெழம எட்டு மணிக்கா? அப்பத்தான பாஸ்டர் எனக்குக் க்ளாஸு?"

"அந்தக் க்ளாஸ நல்லா எடுக்கறதுக்குத்தாம்மா ட்ரெய்னிங்கு."

"நான் ட்ரெய்னிங்குக்குப் போயிட்டா பசங்களுக்கு யாரு எடுப்பா?"

பாஸ்டர் சுற்றறிக்கையை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். பின்பக்கம் திருப்பியும் பார்த்தார். "அதப் பத்தி ஒண்ணும் போடலியேம்மா," என்றார்.

கலைவாணிக்கு இருபத்திரண்டு பேரையும் பற்றிக் கவலை. அதிலும் திரிஷாவைப் பற்றித் தனிக் கவலை. திரிஷாவுக்குப் பத்து வயது. அம்மா ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள். திரிஷாவுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும். 'கடல்' என்பதைக் 'கலட்' என்று படித்து, வகுப்பில் சிரிப்பு வாங்கி, அப்புறம் புத்தகத்தைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள். இரண்டு வருஷமாகக் கலைவாணி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக உடைத்துப் படிக்கப் பழக்கியிருந்தாள். நவம்பர் இரண்டாம் ஞாயிறு பாலர் ஞாயிறு. அன்று சபை முழுவதும் கேட்க ஒரு பிள்ளை வேதப்பகுதி வாசிக்கும். இந்த வருஷம் "நான் படிக்கறேன் டீச்சர்" என்று திரிஷா தானாகவே கேட்டிருந்தாள். கேட்டுவிட்டு, அதைத் தான்தான் கேட்டோமா என்று அவளே கொஞ்சம் பயந்து போயிருந்தாள்.

"நீங்க இருப்பீங்க இல்ல டீச்சர்?"

"இல்லாம? நீ படிக்கறத கேக்காம நான் எங்க போவப் போறேன்?"

முதல் வாரம் கலைவாணி ஏழேமுக்காலுக்கே மண்டபத்துக்குப் போய்விட்டாள். முந்தின நாள் அங்கே கல்யாணம் நடந்திருந்தது. மேடையில் 'குமாரவேல் – சந்தியா' என்ற தெர்மாக்கோல் எழுத்துகள் அப்படியே இருந்தன. அவற்றின் கீழே, மாப்பிள்ளை உட்காருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலியில், பேரவையின் இயக்குநர் முனைவர் எட்வின் தணிகாசலம் அமர்ந்திருந்தார். பெண்ணின் நாற்காலியில் அவருடைய பை இருந்தது.

துவக்க நிகழ்ச்சி ஒன்பதரைக்குத் துவங்கியது. இயக்குநருக்குச் செயலாளர் பட்டுச் சால்வை போர்த்தினார். செயலாளருக்குப் பொருளாளர் போர்த்தினார். பொருளாளருக்கு இயக்குநர் போர்த்தினார். மூன்று சால்வைகளும் திரும்ப மடிக்கப்பட்டு உள்ளே போனதையும், பதினைந்து நிமிஷம் கழித்து மண்டல ஒருங்கிணைப்பாளர்களுக்காக அதே சால்வைகள் வெளியே வந்ததையும் கலைவாணி கவனித்தாள். மடிப்பு சரியில்லாததுதான் அவளுக்கு உறுத்தியது.

இயக்குநர் பேசினார்.

"பிரியமானவர்களே! இருபத்தெட்டு வருஷமாகக் கர்த்தர் இந்த எளியவனைச் சிறுவர் ஊழியத்தில் வல்லமையாய் எடுத்துப் பயன்படுத்தி வருகிறார். பதினான்கு நாடுகள். நாற்பத்தொரு கருத்தரங்குகள். ஒரு நாள் ஓய்வு கிடையாது. ஒரு சின்னப் பிள்ளையோடு உட்கார்ந்து பத்து நிமிஷம் பேச எனக்கு இதுவரை நேரம் கிடைத்ததில்லை என்றால், இந்த ஊழியத்தைக் கர்த்தர் எவ்வளவாய்ப் பெருகப் பண்ணியிருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!"

மண்டபம் கை தட்டியது. கலைவாணியும் தட்டினாள், தட்டி முடித்த பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று யோசித்தாள். சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். இந்நேரம் அங்கே அவள் வகுப்பு யுவனும் குருவும் பூட்டின அறைக்கு வெளியே ஒருத்தனை ஒருத்தன் புரட்டி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பதிவு மேஜையில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. அடையாள அட்டை எழுதியவர் அவள் பெயரைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"கலைவாணியா? இது வீட்டுப் பெயர். ஊழியப் பெயர் என்ன?"

"இதாங்க பேரு."

"கிரேஸ் கலைவாணி என்று போடலாமா? சான்றிதழில் பார்க்க நன்றாக இருக்கும்."

"எங்கப்பா வெச்ச பேருங்க. எனக்கு ஞானஸ்நானம் குடுத்த பாஸ்டரே இந்தப் பேரச் சொல்லித்தான் குடுத்தாரு. அவருக்கே ஒண்ணும் தோணல."

மேஜைக்காரர் உள்ளே போய்க் கலந்தாலோசித்துவிட்டு வந்தார். அட்டையில் 'கே. வாணி (பரிசீலனையில்)' என்று எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு வாரமும் அவள் பரிசீலனையிலேயே இருந்தாள்.

இரண்டாம் வாரத்திலிருந்து செய்முறை. நடத்தியவர் காசிநாதன், தலையில் மாட்டும் மைக்கோடு மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பவர். பிள்ளைகளோடு பேசும்போது ஊழியரின் முழங்கால் எத்தனை டிகிரி வளைய வேண்டும் என்பதற்கு ஒரு அட்டவணை இருந்தது. நான்கு வயதுக்கு அறுபது, ஏழு வயதுக்கு நாற்பத்தைந்து. அளந்து பார்த்துக்கொள்ள ஆளுக்கு ஒரு கோணமானி கொடுத்தார்கள். புன்னகை ஒன்பது வகை. வரவேற்புப் புன்னகை, கண்டிப்புப் புன்னகை, புகைப்படப் புன்னகை என்று வரிசையாகப் போய், ஒன்பதாவது பேரவையிலிருந்து பார்வையாளர் வரும்போது மட்டும் பயன்படுத்த வேண்டியது.

ஒன்றே ஒன்றுதான் அந்த மண்டபத்தில் இல்லை. நான்காம் வாரம் கலைவாணியால் பொறுக்க முடியவில்லை. எழுந்தாள்.

"சார், நாம பழகறதுக்குப் பசங்களையே கூட்டியாந்துடலாமே? என் பசங்க இருபத்திரண்டு பேரு சும்மாத்தான் சுத்திக்கினு இருக்குதுங்க. ஒரு வேன் வெச்சா போதும்."

காசிநாதன் நடப்பதை நிறுத்தினார். "சிஸ்டர், இது பயிற்சி நடக்கிற இடம். பிள்ளைகள் வந்தால் சத்தம் போடுவார்கள், ஓடுவார்கள், கேள்வி கேட்பார்கள். அப்புறம் எப்படிச் சிறுவர் ஊழியத்தைக் கற்றுக்கொள்ள முடியும்?"

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளுக்குப் பதிலாக அங்கே லோகாம்பாள் இருந்தாள். மாகறல்காரி, நாற்பத்தெட்டு வயது, சத்துணவுக் கூடத்தில் சமையல். முதல் செய்முறை அன்று தாமதமாக வந்ததால் நாற்காலி கிடைக்காமல் தரையில் உட்கார்ந்தாள். 'மாதிரிப் பிள்ளை' ஒன்று வேண்டும் என்று காசிநாதன் தேடியபோது தரையில் இருந்த ஒரே ஆள் அவள்தான். லோகாம்பாள் தினமும் எண்பது பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள். பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளினாள். "சார், ஒண்ணுக்கு" என்று விரலைக் காட்டினாள். பாதிக் கதையில், "இது போன வாரமே சொல்லிட்டீங்க" என்றாள். காசிநாதன் கண்கலங்கிவிட்டார். இவ்வளவு இயல்பான பிள்ளையைத் தன் ஊழியத்தில் கண்டதே இல்லை என்று சாட்சி சொன்னார்.

ஆறாம் வாரம் பேரவைக் கமிட்டி கூடி, லோகாம்பாளை நிரந்தர மாதிரிக் குழந்தையாக நியமித்துத் தீர்மானம் போட்டது. நீல நிற அடையாள அட்டை. வயது என்ற இடத்தில் 'ஏழு (ஊழிய நோக்கில்)' என்று அச்சடித்திருந்தது.

"எனக்குப் பரீட்ச கெடையாதாம்பா," என்றாள் அவள் கலைவாணியிடம், டீ குடிக்கும்போது. "கொழந்தைங்களுக்கு எதுக்குப் பரீட்சன்னு சொல்லிட்டாங்க. பேரனுக்குக்கூட இவ்ளோ செல்லம் கெடைக்கல."

அந்த மாதிரிக் குழந்தையிடம்தான் கலைவாணி மாட்டிக்கொண்டாள். கேள்விக்குப் பதில் சொல்லும் பயிற்சி. எந்தக் கேள்வி வந்தாலும் 'தெரியாது' என்று சொல்லக் கூடாது. 'மிக அருமையான கேள்வி! அடுத்த வாரம் பார்ப்போம்!' என்று இரண்டு கையையும் விரித்துச் சொல்ல வேண்டும் என்பது பாடம். லோகாம்பாள் கையைத் தூக்கி, "டீச்சர், எல்லாரும் தூங்கறப்போ சாமி இன்னா பண்ணும்?" என்றாள்.

கலைவாணி எல்லாவற்றையும் மறந்து போனாள். அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "தெரியலியேடா கண்ணு. உனுக்கு இன்னா தோணுது?" என்றாள்.

விசில் ஊதப்பட்டது. மூன்று தவறுகள். கையை விரிக்கவில்லை, முழங்கால் கோணம் கணக்கிலேயே வராது, பிள்ளையிடம் கருத்துக் கேட்கப்பட்டிருக்கிறது.

இதற்கிடையில் காலனியில் வேறொன்று நடந்திருந்தது. ஏழாம் வாரம் ஒரு லாரி வந்து நாற்பது அட்டைப் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனது. ஒவ்வொன்றின் மேலும் 'ஆயத்தப் பெட்டி' என்று அச்சடித்து, 'சான்றிதழ் பெற்ற ஊழியர் தவிர வேறு எவரும் பிரிக்கக் கூடாது' என்று சிவப்பில் முத்திரை. உள்ளே பொம்மைகள், வண்ணப் படங்கள், விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் பிள்ளைகளுக்காக என்று பட்டியலில் இருந்தது. வைக்க இடம் இல்லாததால் பாஸ்டர் அவற்றைப் பிள்ளைகளின் அறையில் கூரை வரைக்கும் அடுக்கினார். அதோடு பிள்ளைகள் உட்கார இடம் போயிற்று.

அவர்களும் ஒவ்வொருவராகப் பிரிந்து போனார்கள். நான்கு பேர் டியூஷனுக்கு. யுவனும் குருவும் இன்னும் சிலரும் ஏரிக்கரைக்கு, கிரிக்கெட் ஆட. ஊர்த்தெருப் பிள்ளைகள் டிவிக்கு முன்னால். கலைவாணி ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஆலய வாசலில் திரிஷா மட்டும் உட்கார்ந்திருப்பாள், காலையிலிருந்து.

"சாப்ட்டியாடி?"

"இல்ல டீச்சர். இன்னிக்கி ஒம்பதாவது வசனம் வரைக்கும் நானே பாத்தேன். ஒரு வார்த்த மட்டும் பிரிய மாட்டேங்குது."

கலைவாணி அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய், சோறு போட்டு, பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னாள். ஒரு நாள் அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது பாஸ்டர் வாசலில் வந்து நின்றார். சான்றிதழ் இல்லாமல் போதனை நடப்பதைக் கண்ணால் கண்டால் அவர் பேரவைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. சட்டென்று முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் பாக்கலம்மா. காதுலயும் எதுவும் விழல," என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். பிறகு தெருவைப் பார்த்தபடியே, "பாப்பா, அந்த வார்த்தையக் கொஞ்சம் நிதானமா படி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் வாரம் இயக்குநர் மகிழ்ச்சியான அறிவிப்போடு மேடை ஏறினார். இறுதிச் செய்முறைத் தேர்வு அடுத்த ஞாயிறு, நவம்பர் இரண்டாம் ஞாயிறு.

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. முன் வரிசையில் ஒரு ஆசிரியை தயங்கித் தயங்கி எழுந்து, "ஐயா, அன்னிக்கிப் பாலர் ஞாயிறுங்களே," என்றாள்.

"அதற்காகத்தான் அந்த நாளையே தெரிந்தெடுத்தோம்!" என்றார் இயக்குநர். "வருஷா வருஷம் பிள்ளைகளை வைத்துப் பாலர் ஞாயிறு கொண்டாடிவிட்டோம். என்ன கண்டோம்? ஒரு பாட்டு, ஒரு நாடகம், ஒரு கேக் துண்டு. இந்த வருஷம் ஊழியர்களை வைத்துக் கொண்டாடப் போகிறோம். சபைகளில் அன்று பாலர் நிகழ்ச்சி எதுவும் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பிள்ளைகள் தொந்தரவில்லாமல் ஒரு பாலர் ஞாயிறு! நம் சரித்திரத்திலேயே முதல் முறை!"

கலைவாணி கையிலிருந்த பாடக்குறிப்பு எட்டாக, பதினாறாக மடிந்து, அதற்கு மேல் மடிய மறுத்தது.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் ஒரு மாம்பழ நிறப் புடவையை மூன்று தரம் மடித்து மூன்று தரம் பிரித்தாள். தேர்வுக்குப் போகாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் வகுப்பே இல்லை, எந்நாளும். போனால் திரிஷா. சனிக்கிழமை பாஸ்டர் போன் செய்தார்.

"பாலர் நிகழ்ச்சிதான கூடாதுன்னாங்க. நான் அத எடுத்துட்டேன். ஆராதன நோட்டீஸ்ல 'வேத வாசிப்பு: குமாரி திரிஷா'ன்னு போட்டுட்டேன். சபையில யாரு வேணா வாசிக்கலாம்ல? பத்தரைக்கு வரும்மா. நீ சீக்கிரமா முடிச்சிட்டு ஓடியாந்துடு."

கலைவாணியின் தேர்வு எண் பதினேழு. காலை எட்டு மணிக்கே கைபேசிகளை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஒன்பது இருபத்தைந்துக்கு எண் பதினான்கு போய்க்கொண்டிருந்தது. ஒன்பதே முக்காலுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். சீட்டுக் குலுக்கி எடுத்ததில் அவளுக்கு வந்த தலைப்பு: 'பொறுமை'.

மேடையில் ஐந்து மாதிரிக் குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். லோகாம்பாள், செயலாளர், பொருளாளர், ஒரு மண்டல ஒருங்கிணைப்பாளர். தேர்வுக்கு உயர்ந்த தரம் வேண்டும் என்பதால் ஐந்தாவது குழந்தையாக இயக்குநரே வந்திருந்தார். தலையில் காகிதக் குல்லா. கழுத்தில் 'குறும்புக்காரப் பிள்ளை' என்ற அட்டை.

கலைவாணி வாயைத் திறக்கும் முன்பே குறும்புக்காரப் பிள்ளை எழுந்தது.

"டீச்சர், டீச்சர்! பொறுமை என்றால் என்ன? அதை மூன்று குறிப்புகளில் நாம் தியானிக்கலாம். முதலாவது, பொறுமையின் ஆரம்பம். நான் தென்கொரியாவில் ஒரு கருத்தரங்கில் இருந்தபோது…"

தென்கொரியா முடிந்து கென்யா வந்தது. செயலாளரும் பொருளாளரும் பக்தியோடு தலையாட்டினார்கள். பத்து மணிக்கு இரண்டாவது குறிப்பு. கலைவாணி வாசலைப் பார்த்தாள். ஓரிக்கையிலிருந்து பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து காலனி. எப்படி ஓடினாலும் அரை மணி. அவள் காதில் திரிஷா அந்தப் பிரியாத வார்த்தையில் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"தம்பி, உக்காரு," என்றாள் கலைவாணி.

இயக்குநர் நிறுத்தினார். "என்ன?"

"கேள்வியும் நீயே கேட்டு, பதிலும் நீயே சொல்லிக்கினு இருந்தா மத்த பசங்க இன்னா பண்ணுவாங்க? எவ்ளோ நேரமா பாக்கறேன். வாய மூடிக்கினு உக்காரு ராஜா."

அவள் இதை வேண்டுமென்று சொல்லவில்லை. பதினோரு வருஷமாக யாராவது ஒரு பிள்ளை இப்படி நடந்துகொண்டால் என்ன சொல்வாளோ அதுதான் வந்துவிட்டது. காசிநாதன் கையேட்டைப் புரட்டினார். இந்த இடத்துக்கு எந்தப் புன்னகை என்று அதில் இல்லை. இயக்குநர் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். கழுத்தில் அட்டை தொங்கியது, தலையில் குல்லா இருந்தது, இரண்டும் அவருடைய கமிட்டியே தீர்மானம் போட்டு மாட்டியவை. உட்கார்ந்தார்.

திரிஷாவைப் பற்றி டீ நேரங்களில் கேட்டிருந்த லோகாம்பாள் அப்போது கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஒங்க திரிஷா இந்நேரம் சட்ட மாட்டிக்கினு ரெடியா நிக்கும். நீங்க கெளம்புங்க. நாங்க சேட்ட பண்ணாம இருக்கோம்."

கலைவாணி மேடையை விட்டு இறங்கினாள். போன் பெட்டி பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்க நிற்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் ஏறினாள். காந்தி ரோட்டில் முகூர்த்த நாள் கூட்டம். வெளியூர் வேன்களை மறித்து, "நேரா தறியிலேர்ந்து வர்ற ரேட்டு சார்" என்று கார்டு நீட்டிக்கொண்டிருந்த புரோக்கர்கள் நடுவே ஆட்டோ நின்று நின்று போயிற்று. பாதியில் இறங்கி ஓடினாள். அவளுடைய கடை வாசலில் நின்றிருந்த வாட்ச்மேன், "இன்னாம்மா, லீவு நாள்ல ஓடியார?" என்று கேட்டது பின்னால் போய்விட்டது. வாலாஜாபாத் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. படியில் தொற்றினாள். ஏனாத்தூரில் கல்லூரி ஹாஸ்டல் மாணவர்கள் ஒரு கும்பல் ஏற, அவளை உள்ளே தள்ளிவிட்டார்கள். பஸ்ஸில் இருந்த ஒவ்வொருவரிடமும் மணி கேட்டாள். எல்லோரும் வேறு வேறு மணி சொன்னார்கள்.

இறங்கி, காலனிச் சரிவில் ஓடி, ஆலய வாசலில் குவிந்திருந்த செருப்புகளின் நடுவே வந்து நின்றபோது உள்ளே திரிஷாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

பிரசங்க மேஜை எட்டாத உயரம் என்பதால் ஒரு முக்காலி மேல் நின்றிருந்தாள். விரல் வரியின் மேல் ஊர்ந்தது. குரல் மெல்லியதாக இருந்தாலும் தெளிவாக இருந்தது. ஒரு இடத்தில் விரல் நின்றது. குரலும் நின்றது. அதே வார்த்தைதான். முன் வரிசையில் யாரோ எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார்கள். பாஸ்டர் கையைக் காட்டித் தடுத்தார். கலைவாணி ஒரு அடி முன்னே வைத்தவள், தன்னைக் கண்டால் வரி தவறிவிடுமோ என்று கதவின் ஓரம் ஒதுங்கினாள்.

திரிஷா நிமிர்ந்து யாரையும் தேடவில்லை. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. வார்த்தையை மூன்றாக உடைத்தாள், முதல் துண்டைச் சொன்னாள், இரண்டாவதைச் சொன்னாள், பிறகு மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் உரக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு கடைசி வரி வரைக்கும் அவள் எங்கும் நிற்கவில்லை.

டீச்சர் இல்லாமலே அவள் படித்து முடித்துவிட்டாள். கலைவாணிக்கு அது ஒரு கணம் சுருக்கென்று தைத்தது. அடுத்த கணம், இதற்கா ஒருத்தி வருத்தப்படுவாள் என்று தன்மேலேயே சிரிப்பு வந்தது. அங்கேயே செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

மறு ஞாயிறு எட்டு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். திரிஷா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். அறையில் பெட்டிகள் இருந்தபடியால் தண்ணீர்த் தொட்டி நிழலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பத்தொன்பது பேர். கலைவாணி கதையை ஆரம்பிக்கப் போகிற சமயம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இயக்குநர் இறங்கினார், கையில் ஒரு உறையோடு. பாஸ்டர் ஆலயத்துக்குள்ளிருந்து ஓடி வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் கை கட்டி நின்றார்.

"சிஸ்டர், உங்கள் தேர்வு முடிவு," என்றார் இயக்குநர். "நானே நேரில் கொடுக்க வேண்டும் என்று வந்தேன்." உறையைப் பிரித்து வாசித்தார். "'இவ்வூழியரிடம் பிள்ளைகளை நேரடியாகக் கையாளும் பழக்கம் மிகுதியாகக் காணப்படுகிறது. இது பயிற்சியைப் பாதிக்கிறது. மறுபயிற்சி அவசியம்.' மேலும், மேடையில் என்னைப் பேசிய பேச்சுக்கு…"

"நீங்க யாரு?" என்றான் யுவன், பாயிலிருந்து.

இயக்குநர் குனிந்து பார்த்தார். பத்தொன்பது முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. "நான் சிறுவர் ஊழியர் ஆயத்தப் பேரவையின் நிறுவனர் மற்றும் இயக்குநர்," என்றார்.

யுவனுக்கு அது போதவில்லை. "ஒங்களுக்குக் கத தெரியுமா?"

"கதையா? ஓ! நிறையத் தெரியுமே!" இயக்குநர் தொண்டையைச் செருமினார். இரண்டு கையையும் விரித்தார். "பிரியமான பிள்ளைகளே, கதை என்பதை நாம் மூன்று விதமாகப் பிரிக்கலாம். முதலாவது, கதையின் நோக்கம்…"

இரண்டாவதற்குப் போவதற்குள் நான்கு பேர் தொட்டிக்குப் பின்னால் போயிருந்தார்கள். இரண்டு பேர் எறும்பு பார்த்தார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டாள். அது வரிசையாகப் பரவியது. இயக்குநரின் கைகள் விரித்தது விரித்தபடி நின்றன. பேச்சு எந்த ஊரில் விட்டுப்போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. பதினான்கு நாடுகளில் யாரும் அவருக்கு முன்னால் எழுந்து எறும்பு பார்க்கப் போனதில்லை.

திரிஷாவுக்குத்தான் பாவமாக இருந்தது. நகர்ந்து இடம் விட்டாள். "சார், இங்க எடம் இருக்குது. உக்காருங்க. எங்க டீச்சர் சொல்லுவாங்க."

இயக்குநர் காரைப் பார்த்தார், பாஸ்டரைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பிறகு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பெருமூச்சோடு உட்கார்ந்தார்.

கலைவாணி காணாமல் போன ஆட்டின் கதையைச் சொன்னாள். தொண்ணூற்றொன்பது ஆட்டைப் பாலாற்று மணலில் விட்டுவிட்டு மேய்ப்பன் ஒன்றைத் தேடிப் போகிறான். ஆடு சீமைக்கருவேலம் புதருக்குள் நுழைந்து, ரோட்டைத் தாண்டி, வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ்மில் பின்பக்கம் தவிடு கொட்டிக் கிடப்பதைப் பார்த்து உள்ளே போய்விடுகிறது. தொட்டிக்குப் பின்னால் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எறும்புகள் கைவிடப்பட்டன. மேய்ப்பன் குரல் கொடுத்துக்கொண்டே வருகிறான். ஆடு தவிட்டில் மூக்கை வைத்திருக்கிறது, காதில் விழவில்லை. மில்லில் வேலை முடிந்து சங்கு ஊதுகிறது. காவல்காரர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடக்கிறார்…

கலைவாணி மூச்சு விடுவதற்காக நிறுத்தினாள்.

"அப்புறம்? கேட்ட மூடிட்டாங்களா?"

பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டது இயக்குநர். முழங்காலைக் கட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இதே கதையின் மேல் அவர் நூறு பிரசங்கம் செய்திருப்பார்.

"கையத் தூக்கிட்டுக் கேக்கணும் சார்," என்றாள் திரிஷா தாழ்ந்த குரலில்.

இயக்குநர் கையைத் தூக்கினார். அந்தக் கையில்தான் உறை இருந்தது.

கலைவாணி உடனே அவரைக் கூப்பிடவில்லை. அவருக்கு முன்னால் குரு கை தூக்கியிருந்தான்.